வீட்டுச் சர்வரா, வாடகைச் சர்வரா, சான்றிதழ் வகுப்பா?

பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும், வலையமைப்பில் இணைந்த லினக்ஸ் இயக்குதளக் கணினிகளை நிர்வகிக்கக் கற்க விரும்பும் டெல்டா மாவட்டத்து மாணவருக்கு மூன்று வழிகள் உண்டு: பழைய மடிக்கணினியை வீட்டுச் சர்வராக்குவது, கிளவுடில், அதாவது இணையவழியே ஒரு நிறுவனத்திடம், மாத வாடகைக்குச் சர்வர் எடுப்பது, திருச்சியிலோ தஞ்சாவூரிலோ சான்றிதழ் வகுப்பில் சேர்வது. செலவை வைத்தே இவற்றை ஒப்பிடுவது வழக்கம். நிர்வாகி செய்யும் தவறு யாரைப் பாதிக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டியவர் யார் என்று பார்த்து ஒப்பிடுவதே பொருத்தம் என்பது என் கருத்து.

வீட்டுச் சர்வருக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். வரைகலைத் திரை இல்லாத டெபியன் என்ற லினக்ஸ் வகை 2 ஜி.பி. ரேமில் தாராளமாக ஓடும். 2011-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி எங்காவது பரணில் கிடந்தால் அதுவே போதும். இரண்டு மடிக்கணினிகளை ஒரு சிறிய சுவிட்சில் இணைத்து, தம்பிக்கும் தங்கைக்கும் பக்கத்து வீட்டு மாணவருக்கும் தனித்தனிக் கணக்குத் திறந்து கொடுத்த பிறகுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. முறைப்பாசனத்தில் தலைமடைக்காரர் மடையை அடைக்காமல் போனால் கடைமடை வயல் காய்வது போல, ஒருவர் திரைப்படங்களை இறக்கி வட்டை நிரப்பிவிட்டால் மற்றவர்களின் வேலையும் நின்றுபோகும். வட்டு ஒதுக்கீடும் கோப்பு அனுமதிகளும் எதற்கு என்பது அன்று புரியும். தனி ஒருவர் மட்டும் பயன்படுத்தும் வாடகைச் சர்வரில் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

நிர்வாகி தன்னைத் தானே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வதும் நடக்கும். என் கணக்கைப் புதிய குழு ஒன்றில் சேர்க்க ‘யூசர்மாட்’ கட்டளையைக் கொடுத்தபோது, பெரிய ‘ஜி’க்கு முன் வர வேண்டிய சிறிய ‘ஏ’வை விட்டுவிட்டேன், பழைய துணைக் குழுக்கள் எல்லாம் நீங்கி, மறுமுறை உள்நுழைந்தபோது நிர்வாகியாகக் கட்டளையிட உதவும் ‘சூடோ’ உரிமை போயிருந்தது. ரூட் எனும் முதன்மை நிர்வாகிக் கணக்கும் பூட்டப்பட்டிருந்ததால் மீட்பு முறையும் உதவவில்லை. கணினி எதிரிலேயே இருந்தது. கணினி தொடங்கும்போது வரும் ‘கிரப்’ பட்டியலில் நிறுத்தி, இயக்குதளத்தின் மையமான கெர்னலைத் தொடங்கும் வரியின் முடிவில், முதலில் ஓடும் ‘இனிட்’ நிரலின் இடத்தில் கட்டளை ஏற்கும் பாஷ் ஷெல்லைக் கொடுத்து, கோப்பு முறைமையை எழுதும் நிலைக்கு மாற்றிக் குழுவைத் திருத்தினேன். ஃபயர்வாலில், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் 22-ஆம் போர்ட்டைத் தவறுதலாக மூடினாலும் வீட்டில் விசைப்பலகை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வாடகைச் சர்வரிலோ நிறுவனம் தரும் இணையவழிக் கன்சோலை, அதாவது உலாவியில் தெரியும் சர்வர் திரையை, நம்ப வேண்டும்.

ஆயினும் வாடகைச் சர்வர் கற்றுத்தரும் ஒன்றை வீடு தராது. பல வீட்டு இணைப்புகள் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால் வெளியிலிருந்து அவற்றை நேரடியாக அடைய முடியாது. பொது முகவரி உள்ள சர்வரிலோ, முன்பின் தெரியாத இடங்களிலிருந்து கடவுச்சொல்லை ஊகிக்கும் முயற்சிகள் பெரும்பாலும் முதல் நாளே பதிவுக் கோப்பில் வரிசையாகத் தெரியும். கடவுச்சொல் நுழைவை நிறுத்திச் சாவிக் கோப்புக்கு மாறும் அவசியத்தை அதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியரும் விளக்கிவிட முடியாது. காப்புநகலுக்கும் அதுவே ஏற்ற இடம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்த பின், டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நகலும் மூலமும் ஒரே அலமாரியில் இருந்தால் என்ன பயன்?

ஆகவே முதல் ஆறு மாதம் வீட்டுச் சர்வர், பிறகு சிறிய வாடகைச் சர்வர் என்பதே நான் பரிந்துரைக்கும் வரிசை. வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் உதவும், அவ்வளவுதான். லினக்ஸ் சான்றிதழ்த் தேர்வுகளில் எல்.பி.ஐ.சி.-1 பெரும்பாலும் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. 3 மணி நேரச் செய்முறைத் தேர்வு என்பதால் பின்னதையே நான் மதிக்கிறேன். பயிற்சிக்கு ரெட் ஹாட் தன் லினக்ஸை நிறுவ, தனிநபருக்கு 16 கணினிகள் வரை இலவச உரிமம் தருகிறது. ஆனால் அதன் 10-ஆம் பதிப்பு புதிய வகைச் செயலிகளை எதிர்பார்ப்பதால் பரணிலிருந்து இறக்கிய மடிக்கணினியில் ஏறாது. அத்தேர்வில் செய்த அமைப்புகள் அனைத்தும் கணினியை மறுபடி இயக்கிய பிறகும் நிலைத்திருக்க வேண்டும். சேவையை நிரந்தரமாக இயக்கவோ தொடக்கத்தில் இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியலான ‘எஃப்.எஸ்.டேப்’ கோப்பில் வட்டை எழுதவோ மறந்தால் மதிப்பெண் போய்விடும். மின்வெட்டில் தானாக அணைந்து எழும் சர்வரை வைத்துப் பழகியவருக்கு இந்த நிபந்தனை புதிதல்ல.