டிசைனர், பேக்கேஜ் கம்பெனி, ஊர் காண்டிராக்டர்: வீட்டை யாரிடம் கொடுப்பது?

20க்கு 65 அடி, மாடியில்லாத டெரஸ் வீடு. முன்னால் போர்ச், அப்புறம் ஹால், மூன்று அறை, கடைசியில் சமையலறை. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டின் தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், நம்மவர்கள் பலர் வாங்குவது இப்படிப்பட்ட வீடுதான். இதற்குப் போய் இன்டீரியர் டிசைனரா என்றால், தோட்டத்து லயத்து வீட்டில் ஆணி அடிக்கவே எஸ்டேட் கிராணியைக் கேட்ட தலைமுறை சிரிக்கும். பிள்ளைகள் விடுவதாக இல்லை. கண்ணெதிரே மூன்று வழி: தனிக் கட்டணம் வாங்கும் ஈப்போ டிசைனர், "டிசைன் இலவசம்" என்று சொல்லி டிசைனையும் வேலையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும் பேக்கேஜ் கம்பெனி, ஊரிலேயே இருக்கும் காண்டிராக்டர்.

முதலில் பேக்கேஜ். அளவு எடுத்த சில நாளிலேயே போனுக்கு முப்பரிமாணப் படம் வந்துவிடும். பளபளக்கும் சமையலறை, மறைவிளக்கு, பூச்சாடி. டிசைனுக்கான காசு கேபினட் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதைக்கூடப் பெரிதுபடுத்த வேண்டாம். டெபாசிட் கட்டும்வரை அளவு போட்ட வரைபடத்தைப் பெரும்பாலும் தரமாட்டார்கள் என்பதுதான் சிக்கல். வரைபடம் இல்லாமல் இன்னொருவரிடம் எப்படி விலை கேட்பது? கேபினட்டுக்கு விலை ஓட்ட அடிக் கணக்கில், அதாவது நீளவாக்கில் அடிக்கு இவ்வளவு என்று. மேலே 10 அடி, கீழே 10 அடி என்று பேக்கேஜ் முடிந்துவிடும். மிச்ச அடிக்குத் தனி விலை. பழைய டைல்ஸ் உடைப்பது, குப்பை அள்ளுவது, அடுப்புக்கும் சிங்குக்கும் மேல்பலகையில் துளை போடுவது, கூடுதல் பிளக் பாயிண்ட் எல்லாம் உள்ளே அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

கேபினட் கதவின் நிறத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் உள்பெட்டி எந்தப் பலகை என்பதைக் கேட்க வேண்டும். மரத்துகளை அழுத்திச் செய்த சிப்போர்டில் தண்ணீர் இறங்கினால் ஊதிவிடும். பிளைவுட் தாங்கும், ஆனால் கரையான் அதையும் விடாது. அலுமினியம் கேபினட்டைக் கரையான் அரிக்காது, ஊறாது. திறந்து மூடும்போது கொஞ்சம் சத்தம் போடும், அழகும் சுமார்தான். தினம் தாளிப்பும் கழுவலுமாக இருக்கும் பின் சமையலறைக்கு என் ஓட்டு அலுமினியத்துக்கு. ஹாலில் பலகை இருக்கட்டும்.

பேக்கேஜில் ஒரு நல்லதும் உண்டு. வீட்டுக்காரர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருந்து, ஊரில் மேற்பார்க்க ஆள் இல்லையென்றால், எல்லாவற்றுக்கும் ஒரே ஆளைப் பிடிப்பது நிம்மதிதான்.

ஊர் காண்டிராக்டரின் பெரிய பலம், அவர் செய்த வீடு அடுத்த ரோட்டிலேயே இருப்பது. நேரில் போய்க் கதவைத் திறந்து பார்க்கலாம். ஒரு வருடம் கழித்துக் கீல் தொங்கினால் அவரைக் கோயிலிலோ பசாரிலோ பிடித்துவிடலாம். பலவீனம் காகிதத்தில். கொட்டேஷனில் "கிச்சன் கேபினட், 1 செட்" என்று ஒரே வரி இருக்கும். மேலே கேட்டால், "பார்த்துக்கலாம் அக்கா" என்பார். செலவு ஏறுவதெல்லாம் அந்தப் பார்த்துக்கலாமில்தான். அவர் மனதில் ஒரு சமையலறை, அக்கா மனதில் வேறொன்று. உடைத்த பிறகுதான் இரண்டும் சந்திக்கும். தீபாவளிக்கு முன்பு வேலை முடிய வேண்டும் என்று தாமான் முழுக்கக் கேட்பதால், ஒரே டைல்ஸ்காரரை நாலு வீட்டுக்குப் பங்கு போடுவார்கள். சீனப் பெருநாளை ஒட்டி கேபினட் பட்டறைகளும் மூடிக்கிடக்கும். தேதி பேசும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

இனி டிசைனர். கட்டணம் சதுர அடிக்கோ, மொத்தமாகவோ, வேலைச் செலவில் இத்தனை விழுக்காடு என்றோ இருக்கும். விழுக்காடு வேண்டாம், செலவு ஏற ஏற அவர் கட்டணமும் ஏறும். மொத்தத் தொகை பேசி, எத்தனை முறை திருத்தம், எத்தனை முறை நேரில் வருவார் என்பதையும் எழுதி வாங்குங்கள். ஈப்போவிலிருந்து 30 கிலோமீட்டர்தான், ஆனாலும் வருவதாகச் சொல்வது வேறு, வருவது வேறு.

அந்தக் காசுக்குக் கிடைப்பது அளவு போட்ட வரைபடம், பிளக் பாயிண்ட் படம், பொருள் பட்டியல். அதே தாளை மூன்று காண்டிராக்டரிடம் கொடுத்தால் மூவரும் ஒரே வேலைக்கு விலை சொல்வார்கள். நல்ல டிசைனரை முதல் பேச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம்: கிரைண்டர் எங்கே, கேஸ் தோங் (சிலிண்டர்) உள்ளேயா வெளியேயா, சாமி மேடை எந்தத் திசை, தீபாவளி திறந்த இல்லத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்பார். நிறத்தில் ஆரம்பிப்பவரை அனுப்பிவிடலாம்.

என் கணக்கு இது. சுவரைத் தொடாமல் அலமாரியும் கேபினட்டும் மட்டும் என்றால் ஊர் காண்டிராக்டர் போதும். அளவையும் பலகை வகையையும் நீங்களே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சுவரை உடைத்து அறைகளை மாற்றுகிறீர்கள் என்றால் டிசைனரிடம் வரைபடம் மட்டும் வாங்கி, வேலையை ஊர்க்காரரிடம் கொடுங்கள். பேக்கேஜ் எனக்கு மூன்றாவது இடம்தான்.

பின்னால் இழுத்துக் கட்டுவதற்கு ஊராட்சி மன்ற அனுமதி வேண்டும். சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். அங்கே முப்பரிமாணப் படம் செல்லாது, தகுதி பெற்றவர் வரைந்த கட்டடப் பிளான்தான் செல்லும். மேம்பாட்டாளரிடம் வாங்கிய புது வீட்டுக்குச் சாவி வாங்கியதிலிருந்து 24 மாதம் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு. ஒழுகலையும் விரிசலையும் முதலில் அவர்கள் செலவில் சரி பண்ணுங்கள். உடைத்துவிட்டால் பழி உங்கள் காண்டிராக்டர்மேல் விழும்.

டிசைனர் என்று சொல்லிக்கொள்பவர் கட்டடக் கலைஞர் வாரியமான லெம்பாகா ஆர்கிடெக் மலேசியாவில் பதிந்தவரா, காண்டிராக்டர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் பதிந்தவரா என்று பாருங்கள். பணத்தை வேலை நகர்ந்த அளவுக்கே கொடுத்து, கடைசி 10 விழுக்காட்டைக் கதவெல்லாம் திறந்து மூடிப் பார்த்த பிறகு கொடுங்கள். 2024 மே மாதத்திலிருந்து இபிஎப் சேமநிதியில், வேண்டும்போது பணம் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கு வந்துவிட்டதால் டெபாசிட்டுக்கு அதில் கை வைப்பது சுலபம். அதனாலேயே அவசரப்படத் தோன்றும்.

தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும், பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. கொட்டேஷன், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள், காண்டிராக்டர் சொந்த மச்சானாகவே இருந்தாலும்.