ஹனோய் மெட்ரோபோலா, ஹுவே லா ரெசிடென்ஸா?

சிங்கப்பூரிலிருந்து வியட்நாம் போகிற நம்மவர்கள் பலரும் ஹலோங் பே, பா நா ஹில்ஸ் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பழைய தலைநகர் ஒன்றைப் பார்க்க வேண்டும், நல்ல ஆடம்பர ஓட்டலிலும் தங்க வேண்டும் என்றால் போட்டி ஹனோய்க்கும் ஹுவேக்கும்தான்.

லி தாய் தோ மன்னர் 1010-இல் தலைநகரை ஹனோய்க்கு மாற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிந்த அதே ஆண்டு! ஆனால் தஞ்சையில் அண்ணாந்து பார்க்கிறோம், ஹனோய் கோட்டையில் குனிந்துதான் பார்க்க வேண்டும். பெரும்பகுதியைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்துவிட்டார்கள். அகழாய்வுக் குழிகளில் செங்கல் அடித்தளம், ஒரு பழைய வாசல், 15ஆம் நூற்றாண்டு டிராகன் படிகள், அவ்வளவுதான்.

ஹனோயில் கதை ஓட்டலுக்குள்தான் இருக்கிறது. மெட்ரோபோல் 1901-இல் திறந்தது, சார்லி சாப்ளின் 1936-இல் தேனிலவுக்கு வந்து தங்கிய இடம். அமெரிக்கக் குண்டுவீச்சின்போது விருந்தினர்கள் பதுங்கிய சுரங்கம் 2011-இல் புதுப்பிப்பு வேலை நடந்தபோது பாருக்கு அடியில் மறுபடி கிடைத்தது, தங்குபவர்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். புக் செய்யும்போது பழைய கட்டடத்து அறையையே கேளுங்கள். பின்னால் கட்டிய ஓப்ரா விங்கில் தங்குவதற்கு அவ்வளவு காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஹுவே வேறு மாதிரி. 1802 முதல் 1945 வரை நூயென் மன்னர்களின் தலைநகர். 1947-இல் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டையிலும் 1968-இல் வியட்நாம் போரிலும் அரண்மனையின் பெரும்பகுதி அழிந்தாலும் மதிலும் அகழியும் வாசலும் நிற்கின்றன. கடைசி மன்னர் பாவோ தாய் 1945 ஆகஸ்ட் 30 அன்று முடிதுறந்த வாசல் மாடத்தில் நாமும் ஏறி நிற்கலாம். அப்புறம் அரண்மனை வளாகத்தில் இருக்கும் ஒன்பது பெரிய வெண்கலக் கலன்கள், தயவுசெய்து அவசரப்படாமல் பாருங்கள், நாட்டின் மலை, ஆறு, கப்பல், பீரங்கி, மரம், பூ என்று எல்லாவற்றையும் புடைப்பாக வார்த்திருக்கிறார்கள், நமக்குத் தெரிந்த பலாப்பழம்கூட உண்டு.

இங்கே லா ரெசிடென்ஸ், 1930-இல் பிரெஞ்சு அதிகாரிக்குக் கட்டிய ஆர்ட் டெகோ மாளிகை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோட்டைக் கொடிமேடை தெரியும். வாடகையும் வழக்கமாக மெட்ரோபோலைவிடக் குறைவு.

பயணத்தில் ஹனோய்க்குத்தான் வசதி, நேரடி விமானம் இருக்கிறது. ஹுவேக்கு டா நாங்கில் இறங்கி 100 கிலோமீட்டர் காரில் போக வேண்டும், ஹாய் வான் சுரங்கப்பாதை இருப்பதால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

என் ஓட்டு ஹுவேக்கு, ஆனால் மார்ச் பள்ளி விடுமுறையில். தீபாவளியை ஒட்டிப் போனால் மழை, வெள்ளம்கூட வரும். ஜூனில் வெயில் கொளுத்தும். டிசம்பரில் மட்டும்தான் லீவு கிடைக்கும் என்றால் ஹனோய்க்கே போங்கள், அங்கே அப்போது குளிர், மழை குறைவு. சைவம் சாப்பிடும் பெரியவர்கள் கூட வந்தால் மறுபடி ஹுவேதான். பௌத்த ஊர், அமாவாசை பௌர்ணமிக்குச் சைவம் சாப்பிடும் வழக்கம் அங்கேயும் உண்டு, சைவக் கடைகளுக்குக் குறைவில்லை.