திருவள்ளூர் ரங்கா பேனா: வாங்கியவர் வாயாலேயே விற்கிற சரக்கு

விடைத்தாள் திருத்துகிறவர்களுக்குத் தெரியும், கட்டு பாதி முடிவதற்குள் ஆள்காட்டி விரல் மரத்துப்போகும். பால்பாயிண்டை அழுத்தி எழுத வேண்டியிருக்கிறதே! அதற்காகவே திருவள்ளூர் ரங்கா பேனாக்காரர்களிடம் ஒரு மை பேனா சொல்லிச் செய்து வாங்கினேன். பருமனான எபோனைட் உடம்பு, ஜெர்மன் நிப். பருமனே தவிர எடை தெரியவில்லை. தாளில் வைத்தால் போதும், தானாக ஓடுகிறது.

எபோனைட் என்பது ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக்கியது. அந்தத் தடியைக் கையால் கடைந்து பேனாவாக்குகிறார்கள். குடும்பத் தொழில். மூடியைக் கட்டைவிரலால் பரபரவெனத் தேய்த்து முகர்ந்தால் லேசாகக் கந்தக வாடை வரும். எனக்கு அது பிடித்திருக்கிறது, என் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

வாடிக்கையாளர்கள் இவர்களை விட்டு நகராததற்குக் காரணம், ஆர்டர் எடுக்கும்போது கேட்கிற கேள்விகள்தான் என்பேன். என்ன மாடல், என்ன நிறம், வழவழப்பா மங்கலா, கிளிப் வேண்டுமா, நிப் மெலிதா பட்டையா, மையை நேரே உடம்புக்குள் ஊற்றுவீர்களா, மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சின்னக் குழாயான கன்வெர்ட்டர் போடட்டுமா? இத்தனைக்கும் பதில் சொல்லி வாங்கியவன் அதை நாலு பேரிடம் காட்டாமல் இருப்பானா? வெளிநாட்டுப் பேனாப் பைத்தியங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே மாடலுக்கு மொத்தமாக ஆர்டர் கொடுப்பதும் உண்டு. எங்கள் ஆசிரியர் அறையிலும் அதே கதைதான். என் பேனாவில் கையெழுத்துப் போட்டுப் பார்த்த இயற்பியல் ஆசிரியர் தானும் ஒன்று வாங்கினார். இப்போது அவர் இன்னொருவருக்கு, மை கசியாமலிருக்க மரையில் சிலிகான் கிரீஸ் தடவக் கற்றுக்கொடுக்கிறார்.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். உடம்புக்குள் நேரே மை ஊற்றும் பேனா எதுவானாலும், மை குறைந்தால் கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து ஒரு சொட்டைக் கக்கும். கால்வாசிக்கு வந்ததும் நிரப்பிவிடுங்கள். வெயிலில் போட்டுவைத்தால் எபோனைட் நிறம் மங்கும். படம் வரைகிற இந்தியன் இங்க் ஊற்றவே கூடாது, உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

நாளைக்கே பரிசு கொடுக்க வேண்டும் என்பவர்கள் வேறு பேனா பாருங்கள். சொல்லிச் செய்கிற பொருளுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். அப்புறம், மாடல்கள் ஏராளம் என்பதால், ஏற்கெனவே வாங்கியவர் யாராவது தெரிந்தால் அவர் பேனாவில் நாலு வரி எழுதிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். மறுக்க மாட்டார். என்ன, அரை மணி நேரம் எபோனைட் புராணம் கேட்க வேண்டியிருக்கும்.