பஸ்ஸில் ஐந்து பேர், நடையில் மூன்று பேர்: பினாங்கில் ஒரே நாள், இரண்டு ஊர்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் சித்தி மகள் போன வாரம் போன் செய்தாள். "அக்கா, கரைச் சுற்றுலாவுக்குக் கப்பல்காரர்களிடமே பணம் கட்டிவிடலாமா, இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாமா?" சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் பார்த்துவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பும் நான்கு இரவுச் சொகுசுக் கப்பல். கோடை விடுமுறையில் நாங்கள் போய் வந்த அதே வழி. அரை மணி நேரம் பேசினேன். அதில் பதில் கால் பங்கு, புலம்பல் முக்கால் பங்கு என்று பக்கத்திலிருந்த கணவர் கணக்குச் சொன்னார். அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். புலம்பலும் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எட்டுப் பேர் போனோம். நான், கணவர், அத்தை, பெண், பையன் என்று நாங்கள் ஐவர். தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய பத்து வயது மகன் என்று மூவர். பினாங்கில் நாங்கள் ஐவரும் கப்பலில் விற்ற சுற்றுலாவுக்குப் பணம் கட்டினோம். தம்பி மட்டும் "தலைக்கு 4,800 ரூபாயா?" என்று ஒருமுறை கேட்டான், ஒரு குடையும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டான், நடந்து போய்விட்டான். வெயில் இரண்டு குடும்பத்துக்கும் ஒன்றாகத்தான் அடித்தது. ஆனால் இரவுச் சாப்பாட்டு மேசையில் பேசியபோது இரு தரப்பும் வெவ்வேறு ஊருக்குப் போய் வந்தது போல் இருந்தது.

முதலில் எங்கள் கதை. காலை எட்டேகாலுக்குக் கப்பலின் அரங்கில் கூடச் சொன்னார்கள். ஆளுக்கொரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எங்கள் எண் 7. அத்தைக்குப் புடவைத் தலைப்பில் ஒட்டிவிட்டார்கள். கைத்தறிப் புடவையில் அந்தப் பசை இன்னும் காசு அளவுக்கு வட்டமாக நிற்கிறது, எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை. ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டு, எங்களைக் கூப்பிட்டு, பஸ் கிளம்பும்போது மணி ஒன்பதே முக்கால். வழிகாட்டி நல்ல மனிதர், சிரிக்கச் சிரிக்கப் பேசினார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. கப்பல் நிறுவனம் விற்பதைப் பெரும்பாலும் நடத்துவது உள்ளூர்ச் சுற்றுலா நிறுவனம். கடையில் ஆள் இறக்கினால்தான் அவர்களுக்குக் கணக்குச் சரிப்படும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறுகளில் வேனிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறோமே, மணக்குள விநாயகருக்குப் பத்து நிமிடம், கைவினைக் கடைக்கு ஒரு மணி நேரம் என்று? எத்தனை முறை அவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். பினாங்கில் அவர்களாகவே நாங்கள் ஆனோம்.

பிளஸ் ஒன் படிக்கும் என் பெண் அலுப்பில் கைப்பேசியில் கணக்கு எழுதிக்கொண்டே வந்தாள். மொத்தம் ஐந்து மணி நேரம். பஸ்ஸுக்குள் 110 நிமிடம். கடைகளில் 85. தலை எண்ணுவது, கழிப்பறை, வராதவருக்குக் காத்திருப்பது 40. கெக் லோக் சி கோயிலில் 35. சாப்பாடு 30.

அந்த 35 நிமிடம்தான் வயிறு எரிகிறது. கெக் லோக் சி பெரிய மலைக்கோயில். அங்குள்ள ஏழடுக்குப் பகோடா 1930இல் முடிந்தது. அடிப்பகுதி சீன பாணி, நடுவில் தாய்லாந்து பாணி, உச்சியில் பர்மா பாணி. ஒரே கோபுரத்தில் மூன்று நாட்டுக் கைவேலை. மேலே கருணைத் தெய்வமான குவான் யினுக்கு முப்பது மீட்டர் உயர வெண்கலச் சிலை இருக்கிறது. அதற்குச் சாய்வாக ஏறும் மின்தூக்கியும் உண்டு, முட்டி வலிக்காரரான அத்தைகூட ஏறியிருக்கலாம். நாங்கள் பார்த்தது அடிவாரத்தையும் ஒரு ஆமைக் குளத்தையும்தான். "மேலே போக இன்று நேரமில்லை" என்றார் வழிகாட்டி. அங்கிருந்து நேராகச் சாக்லேட் கடை. அங்கே நேரம் ஏராளமாக இருந்தது.

சாப்பாடு ஒரு இந்திய உணவகத்தில். கடலூரிலிருந்து கடல் தாண்டிப் போனவர்களுக்குச் சாம்பாரும் பனீரும். அத்தை முதல் வாயிலேயே "பெருங்காயம் போடவில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்து வரவேற்பு மேசையில் முறையிட்டேன். பொறுப்பிலிருந்த பெண் கோபமே படாமல் விளம்பரத் தாளை எடுத்துக் காட்டினாள். அதில் பொய் ஒன்றுமில்லை, அதுதான் கொடுமை. "உள்ளூர்ச் சுவை அனுபவம்" என்று போட்டிருந்தது சாக்லேட் கடை. "பழைய நகரைக் காணும் பயணம்" என்பது பஸ் ஜன்னல். "கோயில் வளாகத்தில் நிறுத்தம்" என்பது அடிவாரம். சித்தி மகளுக்கு நான் சொல்வது இதுதான்: அந்தத் தாளில் பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு வினைச்சொற்களைப் படி. உள்ளே செல்வோம், ஏறுவோம் என்று எழுதியிருந்தால் நம்பலாம். காணலாம், கடந்து செல்வோம் என்றிருந்தால் பஸ் நிற்காது. நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா என்று கேள். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம் என்று கேள். அவர்களால் சொல்ல முடியாவிட்டால் அதுவே பதில்.

இனித் தம்பியின் நாள். பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஊருக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வந்தால் சற்றுத் தூரத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வந்திறங்கிய முனை அது. நம் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை அதே கம்பெனி விலைக்கு வாங்கியது 1690இல். நம் கோட்டையில் பார்க்க இப்போது அதிகம் மிச்சமில்லை என்பது வேறு விஷயம். கோட்டையைச் சுற்றிவிட்டு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பெயர் கொண்ட தெருவில் நடந்திருக்கிறார்கள். 1818இல் கட்டிய தேவாலயம், கொஞ்சம் தள்ளி ஊதுவத்திப் புகை மண்டிய குவான் யின் கோயில், பக்கத்துத் தெருவில் 1833ஆம் ஆண்டின் மாரியம்மன் கோயில், தெரு முனையில் பள்ளிவாசல். எல்லாமே நடக்கிற தூரம். பினாங்கின் இந்தப் பழைய நகரான ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் மலாக்காவோடு சேர்ந்து இடம்பெற்றது. அந்தப் பட்டியலில் இருக்கும் தெருக்களைத்தான் நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

கால் வலித்தபோது நகரைச் சுற்றும் இலவசப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். நாசி கண்டார் கடையில் வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். சோற்றின் மேல் நான்கைந்து குழம்பைக் கலந்து ஊற்றித் தருகிற, தமிழ் முஸ்லிம்கள் உண்டாக்கிய சாப்பாடு. மூன்று பேருக்கும் சேர்த்து அன்றைய செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள். எங்களுக்கு 24,000, அதோடு பையன் அழுது வாங்கிய சாக்லேட்.

பணத்தைக்கூட விட்டுவிடலாம். இரவு மேசையில் தம்பி சொன்ன ஒன்றை என்னால் விட முடியவில்லை. மசாலாக் கடை ஒன்றில் வயதானவர் ஒருவர் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். கடலூர் என்றதும், "அப்படியானால் பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரர்" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். அந்தப் பள்ளிவாசலின் பெயரில் இருக்கும் கப்பித்தான், பரங்கிப்பேட்டையிலிருந்து போன காதர் முகைதீன். தென்னிந்திய முஸ்லிம்களுக்குத் தலைவராக இருந்தவர். 1801இல் தொடங்கிய பள்ளிவாசல். பக்கத்திலேயே ஓடும் சூலியா தெருவின் பெயரும் தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறிப்பதுதான். பரங்கிப்பேட்டை எங்கள் மாவட்டம். எங்கள் வீட்டுக்கு மீன் கொடுப்பவர் அங்கிருந்துதான் வருகிறார். கப்பலிலிருந்து கால் மணி நேர நடையில் எங்கள் மாவட்டத்துக்காரர் பெயரில் ஒரு தெருவே இருந்திருக்கிறது. நாங்கள் அப்போது சாக்லேட் கடையில் துரியன் சாக்லேட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. தயிர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "என்னால் அவ்வளவு தூரம் நடந்திருக்க முடியாது" என்று மட்டும் சொன்னார். அது உண்மைதான். நடை என்கிற வழியின் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. பினாங்கு வெயில் நம் சித்திரை வெயிலுக்குச் சளைத்ததல்ல, புழுக்கம் அதைவிட அதிகம். தம்பி மகன் பன்னிரண்டு மணிக்கே துவண்டுவிட்டானாம். தூக்கிக்கொண்டு நடந்த பகுதியைத் தம்பி சொல்லவில்லை, அவன் மனைவிதான் பிறகு என்னிடம் சொன்னாள்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் மறுநாள் புக்கெட்டில் மூன்றாவது வழி: எட்டுப் பேருக்கும் ஒரு வாடகை வேன். அங்கே கப்பல் கரையை ஒட்டி நிற்கவில்லை, பட்டோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டது. சிறு படகில் கரைக்கு வர வேண்டும். இறங்கியதும் வேன்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். 4,500 பாட் (தாய்லாந்துப் பணம்) என்று ஆரம்பித்து 3,000க்கு இறங்கியது. பேரம் பேசியவர் அத்தை, தமிழில், விரல்களைக் காட்டி. திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் பழகிய விரல்கள். நம் பணத்தில் தலைக்கு ஆயிரம் ரூபாய் அளவுக்குத்தான் வந்தது. வாட் சலோங் கோயிலில் அத்தை வேண்டிய மட்டும் உட்கார்ந்திருந்தார். பழைய புக்கெட் நகரின் தலாங் சாலையில் நிழலாகப் பார்த்து நடந்தோம். கடைக்கு அழைத்துப் போகவா என்று ஓட்டுநர் இரண்டு முறை கேட்டார், வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார். வேனில் போகிறவர் வேண்டாம் என்று சொல்லலாம். நாற்பது பேர் பஸ்ஸில் அந்த வார்த்தைக்கு இடமே இல்லை.

இவ்வளவு நல்ல நாள், கடைசி ஒரு மணி நேரத்தில் உயிரை எடுத்தது. சிங்கப்பூர், மலேசிய நேரத்துக்குத் தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். எங்கள் கப்பல் கடிகாரத்தை மாற்றவில்லை. கைப்பேசி தானாகவே மாறிக்கொண்டது. கணவர் கைப்பேசியைப் பார்த்து, "மூன்று பத்துதான், கடைசிப் படகு நாலரைக்கு, இளநீர் குடிக்கலாம்" என்கிறார். பையன் கையில் கட்டியிருந்த பழைய கடிகாரத்தில் நான்கு பத்து. பட்டோங்குக்கு மலைச் சாலையில் ஏறி இறங்க வேண்டும், அந்த நேரத்தில் நெரிசல் வேறு. ஓட்டுநருக்கு எங்கள் பதற்றம் புரிந்தது, எங்கள் மொழி புரியவில்லை. படகுத்துறையை அடைந்தபோது நான்கு ஐம்பது. நல்லவேளை, கடைசிப் படகுக்கு இன்னும் வரிசை இருந்தது. இல்லாவிட்டால் பாஸ்போர்ட் எல்லாம் கப்பலில், நாங்கள் எட்டுப் பேரும் கரையில். தனியாகப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ப் பிடிக்க வேண்டியதுதான்.

அதே மாலை எங்கள் மேசைக்குப் பக்கத்து மேசைக் குடும்பம் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது, சாவகாசமாக. பாங் நா விரிகுடாவுக்குக் கப்பல் சுற்றுலாவில் போனவர்கள். அவர்களுடைய பஸ் நெரிசலில் மாட்டியதால் கப்பலே காத்திருந்தது. எவ்வளவு திட்டினாலும் இந்த ஒரு விஷயத்தில் கப்பல் சுற்றுலாவுக்கு ஈடு இல்லை. பாங் நா தொலைவு, சாலையில் போய்ப் பிறகு படகேற வேண்டும். பிச்சாவரம் பார்த்த கண்ணுக்குச் சுரபுன்னைக் காடு புதிதல்ல, ஆனால் கடலிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகள் நம் பக்கம் கிடையாது. அங்கே போகத்தான் வேண்டும் என்றால், சித்தி மகளே, கப்பல்காரர்களிடமே பணம் கட்டு. அந்தக் கூடுதல் பணம் வழிகாட்டிக்கு அல்ல, காத்திருப்பதற்கு.

பினாங்குக்குக் கட்டாதே. 2025 ஜூலையில் புதுச்சேரிக்கு ஒரு சொகுசுக் கப்பல் வந்தபோது பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுவந்தார்கள், நினைவிருக்கிறதா? அவர்களில் ஒருவர் உன் உறவாக இருந்தால் பஸ்ஸில் ஏறச் சொல்லியிருப்பாயா? காந்தி சிலை, பாரதி பூங்காவில் ஆயி மண்டபம், பாரதி இருந்த ஈசுவரன் தர்மராசா கோயில் தெரு, கூபேர் அங்காடியில் மீன் பகுதி என்று நடத்தித்தானே கூட்டிப் போயிருப்பாய்? பினாங்கும் அந்தக் கணக்குதான். உன் மாமனாருக்கு முடியாது என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் ஒரு கார் பிடித்து, கெக் லோக் சியில் மேலே சிலை வரை போய்விட்டு வாருங்கள். மீதி நேரத்துக்குப் பள்ளிவாசல் தெரு போதும், வெயில் சாய்ந்த பிறகு. கப்பல் நேரம் காட்டும் ஒரு சாதாரணக் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொள். புக்கெட்டில் பேரத்துக்கு அத்தையை அனுப்ப முடியாது, நீயே விரலைக் காட்டப் பழகு.

இதையெல்லாம் எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது அத்தை முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். "அந்தப் பள்ளிவாசல் வாசலில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல். மீன்காரரிடம் காட்ட வேண்டும்" என்றார்.