மழையால் பந்தயம் தள்ளிப்போனால்: இருங்காட்டுக்கோட்டையா, செட்டிப்பாளையமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து சென்னைத் தீவுத்திடல் ஃபார்முலா 4 கார் தெருப் பந்தயம் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் கடைசியில்தான் நடந்தது. அதே டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததால் நமக்கும் இந்தக் கவலை புரியும். இனி ஒரு சீசன் இப்படிக் குலைந்தால் மாற்று ஓடுதளம் எது என்று பாளையங்கோட்டைப் பசங்க வாட்ஸ்அப்பில் மோதிக்கொள்கிறார்கள். என் கணக்கு இது.

நீளம்: சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் ஏறத்தாழ 3.7 கி.மீ., கோவைக்குப் பக்கத்துச் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே 2.1 கி.மீ.

வேகம்: ஃபார்முலா 4 மாதிரி வண்டிகளுக்கு முன்னதில்தான் மூச்சுவிட இடம் உண்டு. பின்னதில் நேர்த்தடம் முடிவதற்குள் பிரேக்கைத் தேட வேண்டும், ஆனால் எல்ஜிபி ஃபார்முலா வண்டிகள் (புது ஓட்டுநர்களுக்கான, வேகம் குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள்) அங்கே ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஓடும்போது கண்ணை எடுக்க முடியாது.

மழை: இதுதான் முக்கியம். வடகிழக்குப் பருவமழையின் முழு அடியும் சென்னைப் பக்கம். கோவையிலும் அக்டோபர், நவம்பரில் பெய்யும்தான், ஆனால் கடலோரப் புயல் அங்கே போய்ச் சேர்வதற்குள் வலு குறைந்துவிடும்.

போக்குவரத்து: நெல்லை எக்ஸ்பிரஸில் தூங்கி எழும்பூரில் இறங்கினாலும், பெங்களூரு சாலையில் இன்னொரு பயணம் பாக்கி. கோவை நமக்குக் கிட்டம்.

சரி, ஃபார்முலா 4 என்றால் இருங்காட்டுக்கோட்டை, அதுவும் ஜனவரிக்குப் பிறகு. நவம்பரிலேயே முடித்தாக வேண்டிய எல்ஜிபி, பைக் சுற்றுகளைக் கோவைக்குத் தள்ளுங்கள்.