கர்ப்பிணி இருந்த வீட்டில் பூனை: எங்கள் அனுபவம்

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் பூனை வளர்த்துப் பல வருஷம் ஆகிறது. மகள் பிரசவத்துக்கு வந்தபோது, “மக்களே, பூனையைக் கொண்டு எங்கயாவது விட்டிரு” என்று அம்மா முதல் எல்லாரும் சொன்னார்கள். நாங்கள் விடவில்லை. விட வேண்டிய தேவையே இல்லை.

கர்ப்பிணிக்குப் பயம், வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிதான். அது முதல்முறை தொற்றிய பூனை, சில வாரங்கள் மலத்தில் முட்டைகளை வெளியேற்றும். அவை உடனே தொற்றாது. 1 முதல் 5 நாள் கழிந்தால்தான் தொற்றும் பக்குவத்துக்கு வரும். அதனால் பூனை மலம் கழிக்கிற தட்டைத் தினமும் அள்ளிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் அது என் கணவர் பொறுப்பு. காலையில் கையுறை போட்டு அள்ளி, பையில் இறுக்கிக் கட்டி, தட்டில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவார். பினாயில் அந்த முட்டைகளை ஒன்றும் செய்யாது. மகளை அந்தப் பக்கமே விடவில்லை.

தட்டுக்கு மரத்தூளும் போட்டுப் பார்த்தோம், கடையில் விற்கிற பென்டோனைட் மணலும் போட்டோம். மரத்தூள் மலிவு. ஆனால் நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யுமே, ஈரத்தில் நமத்து நாறிவிடுகிறது. பென்டோனைட் நனைந்த இடத்தில் கட்டியாகிவிடும், அப்படியே தூக்கிப் போடலாம். விலை கூடினாலும் என் ஓட்டு அதற்குத்தான்.

எலியும் பச்சைக் கறியும் தின்றுதான் பெரும்பாலும் பூனைக்கு இந்தக் கிருமி வருகிறது. அதனால் எங்கள் பூனைக்குச் சாளையை வேகவைத்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து கொடுப்போம். ராத்திரி வெளியே விடுவதில்லை. மனிதர்களுக்கோ அரைவேக்காட்டுக் கறியிலும் கழுவாத கீரையிலும் இது வரும். ஊர்ப் பூனைகள் வந்து கிளறுகிற கீரைப்பாத்திக்கு வலை போட்டிருக்கிறோம்.

அப்புறம் தெள்ளுப்பூச்சி. பூனைக்குப் பூனை பார்ட்டொனெல்லா கிருமியைப் பரப்புவது அதுதான். அந்தப் பூனை பிறாண்டினால் நமக்குக் காய்ச்சலும் நெறிகட்டுதலும் வரலாம். பிடரியில் விடுகிற சொட்டுமருந்து நன்றாகக் கேட்கிறது. ஒன்று மட்டும் கவனம்: நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு விஷம், உயிரே போகும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பூனைக்கு வருஷம் தவறாமல் போடுகிறோம். அப்படியிருந்தும் கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்கு வெறிநாய்க்கடி ஊசி இலவசம்.