நீதிமன்றமா, பதிவு இலாகாவா? கோலாலம்பூரில் தத்தெடுக்க நினைக்கும் இரு பெண்களுக்கு

சேர்ந்து வாழும் இரு பெண்கள் பிள்ளை வளர்க்கலாமா? தாராளமாக வளர்க்கலாம். ராத்திரி காய்ச்சலில் கூடவே விழித்திருப்பவர்தான் பெற்றோர். ஆனால் மலேசியச் சட்டத்தில் கூட்டாகத் தத்தெடுக்கும் உரிமை கணவன் மனைவிக்கே. உங்களில் ஒருவர்தான் விண்ணப்பிக்க முடியும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வழி இரண்டு: நீதிமன்ற உத்தரவு, அல்லது தேசியப் பதிவு இலாகாவில் (JPN) பதிவு.

காலம்: நீதிமன்றத்துக்குப் பிள்ளை குறைந்தது 3 மாதம் உங்களிடம் இருந்திருக்க வேண்டும். பதிவு இலாகாவுக்கு 2 ஆண்டு.

செலவு: நீதிமன்றம் என்றால் வக்கீல் கட்டணம். இலாகாவில் அது தேவையில்லை.

விசாரணை: நீதிமன்ற வழியில் சமூகநல அதிகாரி வீட்டுக்கு வந்து, யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார். நம்மவர்கள் பயப்படுவது இதற்குத்தான்.

சொத்து: இங்கேதான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நீதிமன்ற உத்தரவு கிடைத்தால் பிள்ளை உங்கள் வாரிசு. இலாகாப் பதிவில் வாரிசுரிமை கிடையாது.

இணையர்: இரண்டிலும் அவருக்குப் பெற்றோர் உரிமை இல்லை. தைவானில் 2023 முதல் மணமான ஒருபால் இணையர் இருவரும் சேர்ந்தே தத்தெடுக்கலாம். இங்குள்ள பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாதது அநியாயம்.

கைக்குழந்தைக்கு நீதிமன்றமே சரி. பல வருடமாக உங்களிடம் வளரும் உறவுக்காரப் பிள்ளைக்கு, தத்தெடுப்புச் சான்றிதழ்தான் அவசரம் என்றால் பதிவு போதும். கூடவே உயிலும் எழுதுங்கள். நீதிமன்ற வழியில் போனவர்கள், இணையரைப் பாதுகாவலராக உயிலில் நியமித்துவிடுங்கள்.